உள்ளங்கால் வழி

வாலிநோக்கம் ஆஸ்பத்திரியில் நுண்ணோக்கி ஒன்றுதான்,
அதற்குக் கண்ணும் ஒன்றுதான்.
அந்தக் கண்ணுக்குப் பின்னால் நான்,
ரெஜினாள், மூக்கையூர், காலை ஏழேகால் பஸ்.

மேசையில் இரண்டு வரிசை.
இடப்பக்கம்
தீப்பெட்டியில், ஹார்லிக்ஸ் மூடியில், வாழைச் சருகில்
வெட்கத்தோடு வந்து சேரும் மலம்.
வலப்பக்கம் சாம்பல் மூடிக் குழாய்களில் ரத்தம்.
இதில் முட்டை தேடுவேன்,
அதில் சர்க்கரை.

களஞ்சியம் முதலில் வந்தது
பதினோரு வருஷத்துக்கு முந்திய மாசியில்.
உப்பளத்தில் வாருகோல் இழுக்கிறவள்.
முப்பத்தெட்டு கிலோ, ஹீமோகுளோபின் ஆறு.
கீழிமையை இழுத்துப் பார்த்தால்
அலை கழுவிப் போட்ட கிளிஞ்சலின் உட்பக்கம்.
'மண்ணத் திங்கணும் போல வருது மேடம்.'
சர்க்கரை மட்டும் எண்பத்து நாலு,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

சலைன் ஒரு சொட்டு, குச்சிமுனையளவு அவள்,
மேலே மெல்லிய சில்லு.
இருந்தன.
கண்ணாடி ஓட்டுக்குள் நாலாகப் பிளந்த கரு,
முத்துபோல
(இந்தக் கரையில் அந்தச் சொல்லை
இப்படிச் செலவழிக்கக்கூடாது).
கொக்கிப்புழு.
என் கையாலேயே மாத்திரை கொடுத்தேன்.
மென்றுவிட்டு, 'இனிக்குதே' என்றாள்.
செருப்புப் போடு என்றதற்குச் சிரித்தாள்:
'பாத்தியில இறங்குறதுக்கா?'

போன ஆடியில் மறுபடி வந்தாள்.
எனக்கு அடையாளம் தெரியவில்லை,
பேரேட்டுக்குத் தெரிந்தது.
எழுபத்தொரு கிலோ.
மகன் தம்மாமில். வீட்டில் டைல்ஸ் கக்கூஸ்.
உப்பளத்துக்குப் போய் ஆறு வருஷம்.
மூன்று வேளைச் சோறு, ராத்திரி சால்னாவோடு புரோட்டா.
'தண்ணி எவ்வளவு குடிச்சாலும் தாகம் போகல.'
இருநூற்று எண்பத்தாறு.

மதியம் சாப்பாட்டில் டாக்டரம்மா சொன்னாள்
(கீழக்கரைக்காரி, பெயர் சீனி பாத்திமா,
நோயாளிகள் சிரிப்பார்கள்):
'புழு தான் பிழைக்க
நம்ம உடம்போட காவல்காரங்களைத்
தட்டித் தூங்க வைக்குமாம் அக்கா.
அவங்க தூங்கினா கொழுப்புக்குள்ள சண்டை ஓயுமாம்,
இன்சுலின் சொல்லு எடுபடுமாம்.
படிச்சேன்.'
'அப்ப அவளோட காவலை எழுப்பி விட்டது நான்தானா?'
'அப்படிச் சொல்ல முடியாது.
புரோட்டா இருக்கு, உட்கார்ந்த உடம்பு இருக்கு, வயசு இருக்கு.'
ஊழி மீனில் முள் எடுத்தபடியே
'அதுவும் இல்லேன்னும் சொல்ல முடியாது' என்றாள்.

என் மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி இரண்டு.
யாரிடமும் சொல்லவில்லை.
என் குழாயில் என் பெயர் ஒட்டுவதில்லை.

கடைசி பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது.
'வெளியிடத்தில் மலம் கழிக்காதீர்'
பலகையைத் தாண்டி
அதற்கே போகிற ஈர மணல்.
கருக்கல் நேரம், ஆளில்லை.
செருப்பைக் கழற்றினேன்.
இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம்
போடு போடு என்று சொன்ன வாய்
'வா' என்றது, மிக மெதுவாக,
யாரை என்று கேட்காதீர்கள்.
ஆறேழு எட்டு நடந்தேன்.
கடல் பேசாமல் கிடந்தது.

திரும்பிப் பார்த்தால்
என் தடத்தில் இடக்கால் மட்டும் கறுப்பாய்க் கசிந்திருந்தது.
செல்லில் விளக்கடித்தேன்: சிவப்பு.
கட்டைவிரலுக்குக் கீழே
உடைமுள், அரை அங்குலம் உள்ளே.

குத்தியது தெரியவேயில்லை.

புழு ஏறி வருகிற அதே வாசலில்
சீனியும் நின்றுகொண்டிருக்கிறது,
அது வெளியே போகும்போது
காலையும் எடுத்துக்கொண்டு போகும்.
எத்தனை பேரை மதுரைக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்,
முழங்காலுக்குக் கீழே என்று.

குழாயடியில் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி
(எரியவில்லை),
பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

உள்ளே போயிருந்தால்
முட்டை தெரிய ஐந்தாறு வாரம் ஆகும்.
ஆய்வகக் காலண்டரில் ஒரு தேதியைச் சுழித்து வைத்தேன்.
'என்னக்கா விசேஷம்?' என்றாள் சீனி பாத்திமா.
'பஸ் பாஸ் முடியுது' என்றேன்.
அவள் என் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.