உட்பக்கம் திறக்கும் கதவு

தார்த்துவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
பகல் முழுக்கக் கதவுகளை அளப்பது என் வேலை:
அகலம், தாழ்ப்பாள், எந்தப் பக்கம் திறக்கிறது,
படிக்கட்டு எத்தனை.
தீயணைப்புத் துறையின் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு
இரவில் விளையாட வருகிறேன்.
வந்தால் அங்கேயும் ஒரு கதவு.

கறுப்பு ஏரிக்கு நடுவே கோபுரம்.
உள்ளே அறுபத்தேழு மந்திரக்காரர்கள்.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்போம்.
இவர்களுக்கு வாய் வேகாது,
எதிரே நிற்பவர் வெந்துவிடுவார்.
காய்ச்சலில் பிதற்றினாலே போதும்.
ஹெஸ்கா கிராமம் அப்படித்தான் போனது:
ஒரு பையனின் கெட்ட கனவு, நாற்பது கூரை.

தாழிடு. திற.
இரண்டே பொத்தான்.
நார்வாவிலிருந்து ஐலி என் காதுக்குள் பேசுகிறாள்,
பிள்ளை தூங்குவதால் கிசுகிசுப்பாக:
"தொண்ணூறு வருஷமாக ஒரு கூரை எரியவில்லை.
இன்னும் என்ன வேண்டும் உனக்கு?"
ரைனர் உரிமை பற்றிப் பேசுகிறான்.
அவன் எப்போதும் உரிமை பற்றிப் பேசுவான்,
தன் முறைக் காவலுக்கு மட்டும் வரமாட்டான்.

நான் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழு மாடி. ஒரே படிக்கட்டு.
ஒரே கதவு, அதுவும் உட்பக்கம் திறப்பது.
சாவி படகில், படகு அக்கரையில்.
ஜன்னலில் கம்பி. தரையில் வைக்கோல் மெத்தை.
நெருப்பைப் பேசும் அறுபத்தேழு பேரை
வைக்கோலில் படுக்க வைத்தவர் யார்?
ஒரு கோழிக்கூண்டுக்குக்கூட
இப்படி நான் அனுமதி தரமாட்டேன்.

எனக்கு ஒரு மரச்சாமான் பட்டறை தெரியும்.
திருட்டுப் பயத்தில்
பின்கதவுக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள்.
போட்ட நாளிலிருந்து திருட்டே இல்லை என்று
முதலாளி பிறகு என்னிடம் சொன்னார்.
உண்மைதான். எழுதிக்கொண்டேன்.
அந்த வரிக்குக் கீழே ஐந்து பெயர்கள் எழுதினேன்.

"அது வேறு," என்றாள் ஐலி.
"உன் பட்டறை ஆட்களைக் கண்டு யாரும் பயப்படவில்லையே."
வேறுதான்.
ஹெஸ்காவின் இடிபாட்டில் எரிந்த தொட்டிலை
நானும் பார்த்திருக்கிறேன்.
வரைந்ததுதான் என்றாலும்
கண்ணை விலக்கிக்கொண்டேன்.
மூன்றாவது பொத்தானைத் தேடினேன்:
இன்னொரு படிக்கட்டு,
கையெட்டும் தூரத்தில் தண்ணீர்,
காய்ச்சல்காரன் பக்கத்தில் விழித்திருக்க ஓர் ஆள்.
அப்படி ஒன்றை யாரும் வரைந்திருக்கவில்லை.

திற.

அவர்கள் ஓடவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.
கரையில் கூட்டமாக நின்று
கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கட்டிக்கொண்டார்கள்.
கடைசியாக வந்தவள் மட்டும் திரும்பிப் போய்
கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

காலையில் ஐலியின் செய்தி: "கிழக்கே மூன்று வீடு."
வேலைக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் போய்ப் பார்த்தேன்.
புகை. வாளி வரிசை.
வரிசையில் ஏழாவதாக அவள்,
கதவைச் சாத்தியவள், முழங்கை வரை கரி.
கொளுத்தியவளா அணைத்தவளா,
விளையாட்டு சொல்லவில்லை.
அடுத்து நின்ற மனிதர்
அவள் முகத்தைப் பார்க்காமலே
வாளியை வாங்கிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு ஒரு மழலையர் பள்ளி.
பின்கதவை வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தேன்.
பாதியில் நின்றது. பனி.
மண்வெட்டி கேட்டேன்.