ஒருமை

தலவாக்கலையில் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே
டியூட்டரி அறை.
சனி நாலு மணிக்குக் கணக்கு வகுப்புப் பிள்ளைகள் இறங்கிப்போனால்
அது எங்களுடையது.
ஐந்து பேர். இரண்டு லெப்டொப்.
ஒன்றின் வயரை அசைத்தால் செத்துப்போகும்,
ஆகவே அதை யாரும் அசைப்பதில்லை,
இருமுவதென்றாலும் தள்ளிப்போய் இருமுவோம்.

கால்குலேட்டர் செய்தாயிற்று. பாம்பு விளையாட்டும்.
"இனிமே நெசமான ஒண்ணுல கை வைக்கணும்" என்றாள் சுகந்தினி.
எவரும் திறந்து பார்க்கலாம், எவரும் திருத்தலாம் என்று
உலகம் பூட்டாமல் வைத்திருக்கும் நிரல்களில்
எங்கள் அளவுக்கு ஒன்று.

முதலில் பிடித்தது மிகப் பெரிது.
பாதி இறங்குவதற்குள் பர்ஹானின் டேட்டா முடிந்தது,
அவன் அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.
அடுத்ததில் ஒரு கேள்வி கேட்டோம்.
ஆவணத்தைப் படித்துவிட்டு வா என்று வந்தது பதில்.
படித்தோம். படித்தபின்
கேள்வியே மறந்துவிட்டது.
இன்னொன்றில் ஆறு வருடமாக ஆளில்லை,
வாசல் விளக்கு மட்டும் எரிந்தது.

நாலாம் சனி, மழை அளக்கும் நிரல் ஒன்று.
பள்ளிக்கூடங்களுக்காக எழுதியது.
எழுதியவருடைய ஊரில்
மழை விருந்தாளி போலிருக்கிறது.
முதல் பக்கத்தில் இப்படி ஒரு வரி:
'நிறுவ முடியாவிட்டால் பிழை எங்களுடையது,
உங்களுடையதல்ல.'
ராஜ்மோகன் அதை இரண்டு முறை வாசித்தான்,
இரண்டாம் முறை சத்தமாக.

வெட்டிய சோடாப் போத்தலைத் தகரத்தில் கட்டினோம்.
மில்லிமீட்டர் மில்லிமீட்டராய் எழுதினோம்.
தமிழ்த் திரை சொன்னது:
'மழையின்றி 1 நாட்கள்.'

1 நாட்கள்!
டிலுக்ஷன் மேசையில் தலை வைத்துச் சிரித்தான்.
எத்தனை வருடமாக இருக்கிறதோ இந்தப் பிழை.
அங்கே நாற்பது, அறுபது நாள் வானம் காயும்,
யாருடைய கண்ணிலும் ஒன்று படாது.
ஆடி மாதத்துத் தலவாக்கலையில்
ஒன்றைத் தாண்டியதே இல்லை அந்த எண்.
தினம் தினம் ஒன்று, பிறகு சைபர், பிறகு ஒன்று.
எங்களுக்காகவே காத்திருந்த பிழை.

திருத்தம் ஒரே ஒரு வரி.
அதற்கு மூன்று சனிக்கிழமை.

கடைசியில் பேர் கேட்டது.
பங்களித்தவர் பட்டியலில் யாரைப் போடுவது?
மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்,
கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்.
"ஒரு வரிக்கு அஞ்சு ஆளுன்னா
நமக்கு காப்பேர்கூட வராது" என்றான் டிலுக்ஷன்.
அவன் அம்மாவுக்கு
முந்திய நாள்தான் அரைப்பேர் விழுந்திருந்தது.
சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தோம்,
அவனே முதலில் சிரித்தான்.
சுகந்தினி ஐந்தையும் அடித்தாள்,
முழுசு முழுசாய், முதலெழுத்தோடு.

புதன் இரவு பதில் வந்திருக்கிறது.
சனிக்கிழமைதான் பார்த்தோம்:
சேர்த்தாயிற்று, நன்றி,
உங்கள் ஊரில் உண்மையாகவே இவ்வளவு மழையா?

அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது
தகரத்தில் இரைச்சல்.
கீழே கடைக்காரர் பெயின்ட் வாளிகளை உள்ளே இழுக்கிறார்.
போத்தலைப் பார்க்க பர்ஹான் சட்டையைத் தலையில் போட்டு ஓடினான்.
திரையில்,
மழையின்றி 0 நாட்கள்.

சைபர் என்றால் பன்மைதான்.
அதைத் தொடவில்லை.