உருபு

புதன் மாலை நாலு நாற்பது.
எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் மழை
வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
நான் வெப் சர்வரிலிருந்து
டிரைவர் இடைமுகத்தை எடுத்தேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்:
அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
ஒன்பது வருடப் பழசு.
திற, படி, எழுது, மூடு என்று
பதினோரு பெயர்கள், கூப்பிடுவார் இல்லாமல்.
எங்கள் நிரலுக்குள் சல்லடை போட்டேன்,
ஒரு வரியும் அதைத் தொடவில்லை.
வெளியே யார் தொடுகிறார்கள் என்று பார்க்கக்
கருவி இல்லை.
இருந்திருந்தாலும் பார்த்திருப்பேனா,
தெரியாது.

சோதனைகள் எல்லாம் பச்சை.
கெம்பையா கட்டைவிரல் அனுப்பினார்.
நான் மசாலா பூரி சாப்பிடப் போனேன்.

வேற்றுமைத்தொகை, எட்டாம் வகுப்பு:
பால் குடித்தான்.
நடுவில் இருந்த 'ஐ' ஒளிந்துகொண்டது.
ஆனாலும் பால் தொண்டையில் இறங்கியது,
அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.
உருபு மறைந்தாலும் பொருள் நிற்கும் மொழியில்
வளர்ந்தவள் நான்.
நிரல் அப்படியில்லை.
அதில் 'ஐ' போனால்
அங்கே பால், இங்கே அவன்,
நடுவில் காற்று.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை,
நாலு பேரைத் தாண்டி என்னிடம் வந்தது போன்.
சிவாஜிநகர், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஒரு குளிர் அறை. பேர் இலியாஸ்.
"ஸ்கிரீன்ல ரெண்டு டிகிரின்னு இருக்கு மேடம்.
மூணு நாளா ரெண்டுதான்.
ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல.
நல்லா ஓடுதுன்னு நெனச்சோம்."

ஸ்டெல்லா சகாயராணி என்று ஒருத்தி எழுதிய மாட்யூல்,
ஆள் இப்போது டொரான்டோவிலோ எங்கேயோ.
வெப்பமானியைச் சர்வருக்குக் காட்டும் இருநூறு வரி
என் பதினொன்றில் மூன்று பெயரைப்
பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.
புதிய பதிப்பு தானாக ஏறிய இரவு
அது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது.
லாகில் ஒரே ஒரு வரி:
குறியீடு கிடைக்கவில்லை, மாட்யூல் தவிர்க்கப்பட்டது.
தவிர்த்துவிட்டு,
சர்வர் நலமாக எழுந்து நின்றது.
பக்கம் மட்டும் கடைசியாகத் தெரிந்த எண்ணைச்
சொல்லிக்கொண்டே இருந்தது,
செய்தி போய்ச் சேராத வீட்டில்
இன்னும் ஒரு தட்டு வைப்பதுபோல.

ஆட்டோ பிடித்துப் போனேன்.
கதவு திறந்தபோது
என்னிடம் இருந்த சொற்கள் எல்லாம்
மூக்கைப் பொத்திக்கொண்டன.
பதினாலு பெட்டி வஞ்சரம்.

இலியாஸ் கத்தவில்லை.
"அது அங்க இருந்ததுல
உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார்.

பதில் இருந்தது. நல்ல பதில்தான்.
பராமரிக்க ஆளில்லை, பாதுகாப்பில் ஓட்டை,
மூன்று பதிப்பாக எச்சரித்தோம்.
எச்சரிக்கையைப் படிக்க வேண்டியவள்
டொரான்டோவில் இருந்தாள்.
படிக்காதவர்
பெட்டியின் மூடியைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

கவிழ்த்த கிரேட் ஒன்றில் உட்கார்ந்து
மடிக்கணினியைத் திறந்தேன்.
பதினொன்றும் வேண்டாம், மூன்று போதும்.
பழைய கூப்பாட்டைப் புதிய காதுக்குக் கொண்டுசேர்க்கும்
மெல்லிய ஒட்டு, நாற்பது வரி.
கோப்புக்குப் பேர் கேட்டது.
ஐ என்று வைத்தேன்.

திரையில் ரெண்டு அழிந்து
பத்தொன்பது வந்தது.
இலியாஸ் எட்டிப் பார்த்தார்.
போய்க் கதவை அகலத் திறந்து
ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார்.