நாற்பத்தோராம் பக்கம்

சமாதானபுரத்தில்தான் இருக்கிறது
சண்டைக்காரர்கள் ஏறி இறங்கும் அந்த மாடி.
கீழே ஜெராக்ஸ் கடை, மேலே வக்கீல் மசூது.
படியில் என் கை தானாக இடுப்புக்குப் போனது,
மருந்து அலமாரிச் சாவி இருக்கிறதா என்று.
இருபத்திரண்டு வருடம் அங்கே தொங்கியது.
மாசக் கடைசியில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டேன்;
இடுப்புக்கு இன்னும் தகவல் போகவில்லை.

பக்கத்து வீட்டு ரோசம்மாள் கேட்டாள்:
“வக்கீலாயிட்டியளா அக்கா?”
இல்ல.
“அப்பம் நர்ஸ்தானா?”
ஆமா. இல்ல.
காயிதத்துக்கு நர்ஸ், என்றேன்.
“காயிதத்துக்குக் காய்ச்சல் வருமா?” என்று சிரித்தாள்.
வரும் ரோசம்மா.

முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பேச்சித்தாய், வயது முப்பத்தொன்று, சீவலப்பேரி,
கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன்.
வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தவள்.
மசூது சொன்னார்:
“சட்டம் எனக்குத் தெரியும் சிஸ்டர்.
இந்தக் கிறுக்கல்தான் பிடிபடலை.”

டாக்டர் எழுதியதை நான் கடைசியில்தான் படிப்பேன்.
முதலில் மூத்திரக் கணக்கு.
அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை
பையில் விழுந்தது முப்பது மில்லி.
அதே ராத்திரி, அடுத்த தாளில்,
மணிக்கு மணி ரத்த அழுத்தம்
நூற்றிருபதுக்கு எண்பது, நூற்றிருபதுக்கு எண்பது,
ஒன்பது தடவை, இம்மி பிசகாமல்.
ஆற்றில் கிடக்கிற பாறைக்குப் பட்டை கட்டினாலும்
கொஞ்சம் ஏறி இறங்கும்.

ஒரே பேனா. ஒரே சாய்வு.
விடிந்தபிறகு ஒரே மூச்சில் எழுதியது.

எப்படித் தெரியும் என்று மசூது கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருக்க வேண்டும்:
நாற்பத்தெட்டுக் கட்டில், நாங்கள் இரண்டு பேர்,
காலை ரவுண்ட்ஸுக்கு அரைமணி இருக்கும்போது
நானும் இப்படி எழுதியிருக்கிறேன்.
என் ராத்திரிகளில் யாரும் சாகவில்லை.
அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

நாற்பத்தோராம் பக்கத்தில் மை மாறியது.
“2.10. நோயாளிக்கு மயக்கம். தண்ணீர் கேட்கிறார்.
டாக்டருக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை.”
இதை எழுதி, அடித்திருந்தாள்.
ஓரத்தில் சின்னதாகப் பேர்: இசக்கி.

அடி என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.
அடித்தாள்.
ஆனால் மையை அப்பவில்லை,
வெள்ளை பூசவில்லை, தாளைக் கிழிக்கவில்லை.
ஒற்றைக் கோடு,
எழுத்தின் நடுவாக, நூல் பிடித்த மாதிரி.
தப்பை அப்படித்தான் அடிக்கணும் என்று
முதல் வருடத்திலேயே எங்களுக்குப் பாடம்:
கீழே இருப்பது படிக்கக் கிடைக்க வேண்டும்.

அவள் யாரென்று எனக்குத் தெரியாது.
இருபத்து மூணு வயது இருக்கலாம்.
சம்பளம் ஒன்பதாயிரம் இருக்கலாம்.
அந்த மாடி முழுக்க அவள் ஒருத்தியாக இருந்திருக்கலாம்.
இதெல்லாம் ஃபைலில் இல்லை.
“அன்னைக்கு டியூட்டி லிஸ்ட்டைக் கேட்டு வாங்குங்க சார்.”
“அது நமக்கு எதுக்கு?”
“வாங்குங்க.”

வெளியே பெஞ்சில் பேச்சித்தாயின் புருஷன்.
மடியில் ஆஸ்பத்திரி கொடுத்துவிட்ட பிளாஸ்டிக் பை.
அவள் தண்ணீர் கேட்டதை
இன்னும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.
நானும் சொல்லாமல்தான் தாண்டிப் போனேன்.

டைப் அடிக்கிற பையன் காத்திருந்தான்.
பேர் சொன்னேன், படிப்பு சொன்னேன்.
தொழில் என்ற இடத்தில் விரலை நிறுத்தி
என்னைப் பார்த்தான்.
அது கிடக்கட்டும்ப்பா, முதல் வரியைப் போடு:
நாற்பத்தோராம் பக்கம்
அடிக்கப்பட்டும்
படிக்கக்கூடிய நிலையில் உள்ளது.