இருபது முகக் கட்டை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்
மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே
ஞாயிறு இரவுகளில் எங்களுக்கு ஓர் உலகம் இருக்கிறது.
வரைபடம் நான் போட்டது,
உரக்கடை பில்லின் பின்பக்கத்தில்.

போன மாதம் ஜெகபர் கேட்டான்:
"சாணித்தாள் காமிக்ஸில் படித்தோமே
இரும்புத்தும்பி, அவனை உள்ளே விடு."
உதயசூரியனுக்கு மின்னல்விழியாள் வேண்டுமாம்.
மீசையைத் தடவிக்கொண்டே கேட்டான்.
சரி என்று சொல்லிவிட்டு
மூன்று வாரம் தூக்கம் கெட்டேன்.

காமிக்ஸில் தும்பி
நாற்பதாம் மாடியிலிருந்து குதிக்கிறான்.
வாளும் மந்திரமும் ஓடமும் உள்ள என் உலகத்தில்
மாடி ஏது?
பனைமரம்தான் அதிகபட்சம்.
குதித்தால் முழங்கால்வரை சேற்றில் இறங்குவான்,
காலை உருவ இரண்டு சுற்று ஆகும் என்று எழுதினேன்.
இரும்பைப் பிடுங்கி வெண்கலச் சிறகு கொடுத்தேன்.
புளி போட்டுத் துலக்காத நாளில்
பறக்க மாட்டான்.

முகமூடிதான் பெரிய தலைவலி.
அந்த நகரத்தில் கண்ணைச் சுற்றி
நாலு விரற்கடை கறுப்புத் துணி கட்டினால்
பெற்றவளுக்கே அடையாளம் தெரியாதாம்.
இங்கே வரப்பில் புள்ளியாய் வரும்போதே
நடையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்:
"மேலத்தெரு பக்கிரிசாமி மகன்தானே?
என்னடா வேஷம், கண்வலியா?"
மறைந்திருக்கப் பதினெட்டு விழவேண்டும் என்று வைத்தேன்.
"நம்ம ஊருக்கு இது ரொம்பச் சலுகை" என்றான் உதயசூரியன்.
பத்தொன்பதாக்கினேன்.

மின்னல்விழியாளின் பார்வை மலையைப் பிளக்கும்.
மலை இல்லை.
ஒரு லோடு ஜல்லிக்கே
புதுக்கோட்டை லாரிக்குக் காத்திருக்கும் மண் இது.
ஆகவே அவள் பார்த்தால் கதிர் பழுக்கும்,
மறுபடி பார்த்தால் கருகும் என்றேன்.
உதயசூரியன் அன்று முழுக்க
அவளைக் கண் மூடியே நடத்திச் சென்றான்.

எதிரிக்குக் கொம்பு வைக்கவில்லை.
ஒரு மதகுக்காரன்.
இடுப்பில் சாவி, மடியில் நோட்டு.
எந்த ஊருக்கு எந்த ராத்திரி தண்ணீர் என்ற முறை
அந்த நோட்டில்தான்.
கடைமடை ஊர்களின் பக்கம் மட்டும்
கிழிந்திருக்கிறது.

"உடைக்கிறேன் மதகை" என்றான் ஜெகபர்.
உடைத்தால் கீழே ஏழு ஊர் மூழ்கும்.
நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வது.
கட்டையை உருட்டினான்.
எவர்சில்வர் தட்டில் தாவி
மிக்சர் பொட்டலத்தில் மோதி
நின்றது. ஒன்று.

"படுதோல்வி" என்று விதிப்புத்தகத்தைத் திறந்தேன்.
"எந்த ஊர்ல?" என்று எழுந்துவிட்டான்.
"பரீட்சை லீவெல்லாம் தாயம் ஆடி வளர்ந்தவன் நான்.
ஒன்று விழாமல் ஒரு காய் இறங்குமா?
அதற்காகத்தானே கட்டையை ஊதி ஊதி உருட்டுகிறோம்?
அதைப்போய் தோல்வி என்கிறாயே!"

உதயசூரியன் என்னைப் பார்த்தான்.
புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை.
கீழே கூட்ஸ் வண்டி
பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது,
சன்னல் கம்பி அதிர,
கட்டை மெல்ல நகர,
ஒருவரும் அதைத் தொடாமல் இருந்தோம்.

அப்போது படியில் செருப்புச் சத்தம்.
ஆரோக்கியசெல்வி.
ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து
கேட்டில் நாற்பது நிமிடம் நின்ற கோபத்தோடு.
"தாயம்" என்றேன். "காய் இறங்கட்டும்."

அவள் பாத்திரத்துக்குச் சிறகில்லை, பார்வையில்லை.
தாளில் வலிமைக்கு நேரே ஆறு.
முதல் நாளே பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய ஒரே திறன்,
எழுதப் படிக்கத் தெரியும்.
மூன்று பேரும் சிரித்திருந்தோம்.

மதகுக்காரனின் நோட்டை நான் மெதுவாக
மேசையின் நடுவே நகர்த்தினேன்.
கிழிந்த பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.
கைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டே கேட்டாள்:

"இப்ப யார் முறை?"

கேட் திறந்துவிட்டது போல.
கீழே ஒரே ஹாரன்.