ஒப்புதல் படிவம்

முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும்
கையெழுத்து வாங்கி வரச் சொல்லி
துறை அலுவலகத்தில் நாற்பது தாள் கொடுத்தார்கள்.
பொக்லார்கா எண்ணிப் பார்த்துவிட்டு
மரத்திடமுமா என்றாள்.

பிப்ரவரி. மொஹாச் போகும் முதல் பேருந்தில்
நாங்கள் மூன்று பேர், இரண்டு கேமரா,
பெனெடெக் இரவல் வாங்கிவந்த முக்காலி
(ஒரு காலுக்குத் திருகு கிடையாது).
நான்காமவன் வெண்டெல், ஒலிப்பதிவுக்காரன்,
காய்ச்சல், முப்பத்தொன்பது என்று
விடிவதற்குள் செய்தி அனுப்பியிருந்தான்.
பின்னாலேயே வெப்பமானியின் படம் ஒன்று.
எண் மங்கலாக இருந்தது.
இவன் எப்போது ஃபோகஸ் இல்லாமல் படம் எடுத்தான் என்று
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டான்யூபின் அக்கரையிலிருந்து
படகு படகாக வந்திறங்கினார்கள் பூஷோக்கள்.
ரோமம் வெளியே தெரியப் போர்த்திய ஆட்டுத்தோல்,
இடுப்பில் மாட்டுமணி,
மரத்தில் குடைந்த முகம்,
அதன்மேல் நிஜக் கொம்பு.
குளிரை விரட்டத்தான் வருகிறார்களாம்.
குளிர் அதற்குள் எங்கள் பேட்டரிகளை விரட்டிவிட்டது.
ஒன்றை அக்குளில் வைத்துச் சூடேற்றி
மற்றொன்றை ஓட்டினோம்.

யாரோ மாவை வீசினார்கள்.
லென்ஸில் விழுந்ததை பொக்லார்கா ஊதினாள்.
ஊதிய மூச்சு கண்ணாடியிலேயே உறைந்தது.
அந்த ஷாட் அப்படியே படத்தில் இருக்கிறது:
வெள்ளை,
வெள்ளைக்குள் கொம்புகள்.

எனக்கு வாய்த்த வேலை தாள்கள்.
ஒரு பூஷோவிடம் நீட்டினேன்.
வாங்கினான், முகர்ந்தான்,
இடது கொம்பில் குத்திக்கொண்டு
ஆடியபடி கூட்டத்துக்குள் போய்விட்டான்.
மீதி முப்பத்தொன்பதையும்
பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

இருட்டியதும் சதுக்கத்தில்
ஆளுயரத்தைத் தாண்டி எரிந்தது சொக்கப்பனை.
நாங்கள் பன் தின்றோம்.
ஜாம் என் கையுறையில் ஒழுகி
ஷட்டர் பொத்தான் இன்றுவரை ஒட்டுகிறது.

எடிட்டிங் அறையில் மூன்று இரவு.
ஏழு மணி நேரக் காட்சி, ஒலி என்று பார்த்தால்
காற்றும் கேமரா மைக்கில் எங்கள் மூக்குறிஞ்சலும்.
இரண்டாம் இரவு பெனெடெக் கேட்டான்:
இந்த ஆள் ஏன் எல்லாவற்றிலும் இருக்கிறான்?

இடது கொம்பில் தாள் படபடக்கும் ஒருவன்.
வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே வந்து நிற்கிறான்.
நாங்கள் லென்ஸ் மாற்றும்வரை காத்திருக்கிறான்.
திரும்பவேண்டிய கணத்தில் திரும்புகிறான்.
அவன் மணி மட்டும் கிட்டத்தில், தெளிவாக,
மைக் எங்கே என்று தெரிந்த மணியாக.

பிறகு அது வந்தது.
கேமராவின் முன்னால் நேராக வந்து
கைகளை உயர்த்தி
ஒரே ஒருமுறை தட்டினான்.

ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால்
படத்தையும் ஒலியையும் பொருத்த
எங்கள் குழுவில் ஒருவன் தட்டுவான் அப்படி.

யாரும் பேசவில்லை.
பெனெடெக் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான்.
மறுபடி.
முப்பத்தொன்பது, என்றாள் பொக்லார்கா.
அதற்குமேல் அவள் சொன்னதை எழுத முடியாது.

போன் போட்டேன்.
ஏன்டா சொல்லவில்லை?
சொல்லியிருந்தால்
என்னைப் படம் பிடித்திருப்பீர்கள்.
பூஷோவை யார் பிடிப்பார்கள்?
நல்ல பதில்தான். இருந்தும்
அன்று காலை மூன்று பேருக்குள்
நான்கு பேர் மூட்டையைப் பிரித்துச் சுமந்ததை
என் தோள் இன்னும் மறக்கவில்லை.
பொக்லார்கா இரண்டு நாள்
அவன் இருந்த பக்கம் திரும்பவேயில்லை.

படத்தின் முடிவில் பெயர்கள்.
ஒலி என்ற இடத்தில் எதைப் போடுவது?
வராதவன் பெயரையா என்றான் பெனெடெக்.
படம் முழுக்க அவன் இடுப்புதானே ஒலிக்கிறது என்றேன்.
வெகுநேரம் ஒரு முற்றுப்புள்ளி
திரையில் மினுங்கிக்கொண்டிருந்தது.
கடைசியில் பொக்லார்காதான்,
முகத்தை உம்மென்று வைத்தபடி,
தட்டச்சு செய்தாள்.

அலுவலகத்தில் ஒப்படைக்க
முப்பத்தொன்பது வெற்றுத் தாளும்
நாற்பதாவதாக ஒன்றும்.
புகை நாறும், மாவு ஒட்டிய,
நடுவில் கொம்பளவு ஓட்டை விழுந்த அதில்
பெயர் எழுதும் இடம் கிழிந்திருந்தது.
கையெழுத்து மட்டும்
கோட்டுக்கு வெளியே, பென்சிலில்.
அந்த அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து,
ஓட்டை வழியாக என்னையும் பார்த்து,
முத்திரை குத்தினார்.