ஏழாம் பாகம், வவுனியா

மாங்குளத்தில் கடையைப் பூட்டித்
திறப்பைப் பேக்கரியில் குடுத்துவிட்டு ஏறினேன்.
சுகிர்தா கிளிநொச்சியிலேயே இடம் பிடித்திருந்தாள்,
பக்கத்துச் சீற்றில் குடையை வைத்து.
ஒரு படத்துக்காக இவ்வளவு தூரம் போகிற வயதில்லை
எங்கள் இரண்டு பேருக்கும்.
கனகராயன்குளம் தாண்டும்வரை அதைக் கதைக்கவில்லை.

முதலாம் பாகம் ஒரு சாமத்திய வீட்டு ஜெனரேற்றரில்.
இரண்டாம் பாகம் சமாதான காலத்துச் சீடி, கீறல் விழுந்து
சண்டை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.
மூன்றாம் பாகம் தருமபுரத்தில்,
தறப்பாளுக்குக் கீழே, கார்த்திகை மழை,
உழவு மெசின் பற்றரியில் கொழுவின சின்னத் திரை.
ஆறு பேர். குயிலனின் முழங்கால் என் முதுகில்.
கப்பல் எரிகிறது.
கப்டன் எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு
இயந்திர அறைக்குள் போகிறாள்.
கதவு மேலிருந்து இறங்குகிறது.
பாதி இறங்க
பற்றரி செத்தது.

அதற்குப் பிறகு எவ்வளவு கதைத்தோம்!
விசுவமடுவில், உடையார்கட்டில், பங்கருக்குள் குந்தியிருந்து.
கதவு முழுக்க மூடியிருக்கும் எண்டு சுகிர்தா.
அவள்தானே மூடினவள், பிறகென்ன எண்டு.
யாரோ ஒரு மெக்கானிக் ஸ்பனரைச் செருகியிருப்பான் எண்டு நான்.
குயிலன் சொன்னான்:
மூடினது கதவில்லை, கப்பல்தான் மேலே எழும்பினது.
நாங்கள் படத்தைத் தலைகீழாய் விளங்கிக்கொண்டோமாம்.

செட்டிகுளத்து முகாமில் தண்ணிக்கு நின்ற வரிசையில்
குயிலனின் முடிவை நாங்கள் இரண்டு பேரும்
மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம்.
அவன் சொன்ன மாதிரி வரவில்லை.

மிச்சப் படத்தைத் தேடிப் பார்த்திருக்கலாம்.
போன் கடை என்னுடையது,
ஊருக்கே படம் ஏத்திக் குடுக்கிறவன் நான்.
பார்க்கவில்லை.
நாலு, ஐந்து, ஆறு வந்து போயின.
அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.
ஏழாவதின் போஸ்டரில் அவள் முகம்.

தியேட்டரில் குளிர். கறுப்புக் கண்ணாடி தந்தார்கள்.
வெடிக்கு மேல் வெடி, எல்லாம் ஒரே சத்தம்,
தூரத்துக்கும் கிட்டத்துக்கும் வித்தியாசமில்லை.
"வானவெளியில சத்தமே கேளாது," எண்டாள் சுகிர்தா,
"எட்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறன்."
வில்லன் இருபது நிமிசம் தன் திட்டத்தை விளக்கினான்.
முன் வரிசைப் பெடியன் போனில் கிரிக்கெட் பார்த்தான்.
பிறகு அவள் வந்தாள்.
ஒரு சுருக்கம் இல்லாமல், கொம்பியூட்டர் தேய்ச்ச முகத்தோடு,
பழைய பகிடி ஒன்றைச் சொல்லிக்கொண்டு.
எப்படித் தப்பினாய் எண்டு ஒருவர் கேட்க
வெள்ளைக் கோட்டுக்காரன் பதில் சொல்கிறான்:
காலத்தைத் திருத்தியாயிற்று.
அந்தப் பயணம் நடக்கவேயில்லை.
பதிவேட்டில் அப்படியொரு நாள் இல்லை.

கைதட்டினார்கள்.
நான் சுகிர்தாவைப் பார்க்கவில்லை.
அவள் கண்ணாடியைக் கழற்றி
முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்,
அது படம் முடிந்ததும் திருப்பிக் குடுக்கிற சாமான்.

வெளியே வெயில். வடையும் பிளேன்ரீயும்.
"அப்ப அந்த மழை?" எண்டாள்.
"பற்றரிக்கு நாங்கள் குடுத்த மூண்டு லீற்றர் மண்ணெண்ணெய்?"
எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும்.
வடை ஊசியிருந்தது, அதைக்கூடச் சாப்பிட்டோம்.

ஓமந்தையில் பஸ் நின்றபோது
அவள் குயிலனின் முடிவைத் தொடங்கினாள்,
கப்பல் எழும்புகிற இடத்திலிருந்து.
இடையில் நான் திருத்தினேன்.
"இல்லை, அவன் முதல்ல லைற்றைத்தான் சொன்னவன்,
பச்சை லைற்."
"சிவப்பு," எண்டாள்.
புளியங்குளம்வரை பச்சை, சிவப்பு.
கண்டக்டர் பத்து ரூபா மிச்சம் தரவில்லை.

மாங்குளத்தில் இறங்கும்போது யன்னலால் கூப்பிட்டாள்:
"எட்டாம் பாகம் தை மாசமாம்."
"ஆர் பாக்கிறது இந்தக் கோதாரியை," எண்டேன்.
"நான் இடம் பிடிச்சு வைக்கிறன்."